குழாயின் மேல் ஓடும் வரி

வணக்கம், நேயர்களே. வீட்டுக்குக் குழாய் வாங்கப் போனால் முதலில் அதைக் கையில் எடுத்து, மேலே அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். எந்த வகை, என்ன அளவு, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். பார்வைக்கு எல்லாம் பிளாஸ்டிக் குழாய்தான். குணம் வேறு வேறு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டில் ஹீட்டரிலிருந்து ஷவருக்குப் போகும் வழியில் இரண்டு அடி குழாய் போதாமல் போயிற்று. மிச்சம் கிடந்த வெள்ளை பிவிசித் துண்டைப் பொருத்திச் சுவரைப் பூசிவிட்டார்கள். நானும் சரி என்றேன். சில மாதங்களில் ஓடுகளுக்கு இடையே உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. பெயர்த்துப் பார்த்தால், அந்தத் துண்டு வயிறு சரிந்ததுபோல் தொய்ந்து கிடந்தது. குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பான எல்போவின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல், அதில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதைத் தொட்டுப் பார்த்த விரல் இன்னும் அந்தச் சூட்டை மறக்கவில்லை.

சாதாரண பிவிசிக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அந்தச் சூட்டிலேயே அதன் அழுத்தம் தாங்கும் வலு, குளிர்ந்த நீரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிபிவிசி, அதாவது குளோரின் கூட்டிய பிவிசி, 93 டிகிரி வரை தாங்கும். ஆகவே வெந்நீருக்கு சிபிவிசி. மீண்டும் சொல்கிறேன், வெந்நீர் ஓடும் வழியில் இரண்டு அடிகூட வேறு குழாய் வேண்டாம். கழிவுநீர்க் குழாயோ சுவர் மெலிந்தது. அழுத்தத்தோடு வரும் நீருக்கு அது ஆகவே ஆகாது.

இனி இணைப்பு. குழாய்களை இணைக்கத் தடவும் சால்வென்ட் சிமென்ட்டைப் பசை என்று நினைக்கிறோம். அது இரு பரப்புகளையும் இளக்கி, ஒன்றோடொன்று கலந்து இறுகச் செய்கிறது. அதனால்தான் பிவிசிக்கு உரியதை சிபிவிசியில் தடவக்கூடாது. குழாயை நேராக அறுத்து, விளிம்பின் பிசிறைச் சுரண்டி எடுங்கள். தடவியதும் கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை அழுத்தி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். கையை உடனே எடுத்தால் குழாய் தானாகப் பின்னுக்கு நழுவும். பொறுமை இல்லாத கைதான் பல கசிவுகளுக்குத் தொடக்கம்.

சூடேறினால் குழாய் நீளும். 10 மீட்டர் சிபிவிசி, 40 டிகிரி சூடு கூடினால், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பை இறுக்கிப் பூட்டிவிடாமல் குழாய் நகர இடம் விடுங்கள்.

மொட்டைமாடிக் குழாயைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கைகாட்டுகிறார்கள். வெயில் படும் குழாய் நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிர்நிறப் பெயின்ட்டை அதன்மேல் பூசுங்கள். நன்றி, வணக்கம்.