கச்சேரியே இல்லாத ஆண்டில் ராயல்டி எங்கிருந்து வந்தது?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அனுப்பியவர் நாட்டுப்புறப் பாடல்களும் அம்மன் பாடல்களும் எழுதுகிற ஓர் அண்ணன். அவர் கேட்டிருப்பதைப் படித்துவிடுகிறேன்.

"என் நண்பர் இசையமைப்பாளர். இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறார். 2020 இல் கொரோனா வந்து எங்கள் பக்கம் ஒரு மேடைகூடப் போடவில்லை. ஆனால் அந்த ஆண்டு அவருக்கு ராயல்டி வழக்கம்போல வந்தது. கையில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது என்கிறார். 2021 இல் கடைகண்ணி திறந்த பிறகு பார்த்தால் தொகை இறங்கிவிட்டது. ஊர் மூடிக் கிடந்தபோது பணம் வருகிறது, திறந்தபோது வரவில்லை. சங்கம் பணத்தைப் பதுக்குகிறதா, இல்லை கணக்கில் கோளாறா? 2021 இல் குறைந்தது பின்னால் ஈடுகட்டப்படுமா?"

அண்ணே, பதுக்கலும் இல்லை, கோளாறும் இல்லை. 2020 இல் உங்கள் நண்பரின் வங்கிக் கணக்கில் ஏறிய தொகையில் பெரும்பகுதி 2019 இலும் அதற்கு முன்பும் ஒலித்த பாடல்களுக்கான பணம். கண்மாயில் இன்றைக்கு மடை திறந்து விடுகிற தண்ணீர் போன மழையில் நிரம்பியது அல்லவா? அப்படித்தான் இதுவும். மழை பொய்த்தது அந்த ஆண்டில். வயல் காய்ந்தது அடுத்த ஆண்டில்.

இசை உரிமைச் சங்கத்துக்கு என்று சொந்தப் பணம் கிடையாது. இதைப் பலர் மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நம் நாட்டில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உள்ள சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். 1969 இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் மும்பையில். 2012 இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2017 நவம்பரில் மறுபடியும் பதிவு பெற்றது. தொலைக்காட்சி, வானொலி, இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிகள், ஓட்டல்கள், வணிக வளாகங்கள், டிக்கெட் போட்டு நடத்தும் இசை நிகழ்ச்சிகள் என்று பாட்டு ஒலிக்கிற இடங்களில் எல்லாம் அது உரிமக் கட்டணம் வாங்குகிறது. தன் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 34 ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

இந்தப் "பிரித்துக் கொடுக்கிறது" என்ற இரண்டு சொற்களுக்குள் மாதக்கணக்கான வேலை இருக்கிறது. பாட்டை ஒலிபரப்பியவர்கள் பட்டியல் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் பாட்டின் பெயர் ஒரு விதமாகவும், சங்கத்தின் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருக்கும். தமிழ்ப் பாட்டின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த பிறகுதான் யாருக்கு எவ்வளவு என்பது தெரியும். வெளிநாட்டுப் பணம் இன்னும் தாமதம். சிங்கப்பூரில் தமிழ் மெல்லிசை நிகழ்ச்சி நடந்தால் அங்குள்ள காம்பாஸ் சங்கம் வசூலிக்கும். மலேசியா என்றால் எம்.ஏ.சி.பி. அவர்கள் கணக்கை முடித்து இங்கே அனுப்பி, இங்கே மறுபடி கணக்குப் போட்டு, பிறகுதான் உறுப்பினர் கைக்கு வரும்.

உங்கள் நண்பருக்கு நடந்தது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனில் பி.ஆர்.எஸ். ஃபார் மியூசிக் என்று பழைய, பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. அது 2019 இல் வசூலித்தது 81.08 கோடி பவுண்டு. 2020 இல் 65.05 கோடிதான், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் அதே 2020 இல் உறுப்பினர்களுக்குக் கொடுத்த தொகை 69.94 கோடி பவுண்டு. வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம்! முந்தைய ஆண்டை ஒப்பிட்டாலும் அது கூடுதல்தான். 2021 இல் வசூல் 77.71 கோடிக்கு ஏறியது, கொடுத்ததோ 67.72 கோடிக்கு இறங்கியது. உங்கள் நண்பர் சொன்ன கதையே பவுண்டுக் கணக்கில் எழுதப்பட்டதுபோல் இருக்கிறது பாருங்கள். வசூல் விழுந்த ஆண்டில் பட்டுவாடா உயர்கிறது, வசூல் எழுந்த ஆண்டில் பட்டுவாடா விழுகிறது. சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பார்க்கும்போது வசூல், பட்டுவாடா இரண்டையும் தனித்தனி வரியாகப் படிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை ஊகித்தால் தப்பாகத்தான் போகும்.

இனி, எந்தச் சங்கம் எவ்வளவு அடி வாங்கியது என்பதைப் பார்ப்போம். எல்லாருக்கும் ஒரே அளவு அடி விழவில்லை. உலகச் சங்கங்களின் கூட்டமைப்பான சிசாக் கணக்குப்படி 2020 இல் மொத்த வசூல் 9.9 சதவீதம் இறங்கி 932 கோடி யூரோ ஆனது. உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. நேரடி நிகழ்ச்சிகள், கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களிலிருந்து வந்த வசூல் 45 சதவீதம் சரிந்தது. டிஜிட்டல் வசூல் 16.6 சதவீதம் கூடியது. வீட்டில் அடைபட்ட மக்கள் கைப்பேசியில் பாட்டுக் கேட்டார்கள். ஆக, எந்தச் சங்கம் மேடையையும் விடுதியையும் நம்பி இருந்ததோ அது தடுமாறியது. எது ஒளிபரப்பு ஒப்பந்தங்களையும் இணையத்தையும் நம்பி இருந்ததோ அது தப்பித்தது. அமெரிக்காவின் ஆஸ்கேப் 2020 இல் 132.7 கோடி டாலர் வருவாய் காட்டியது, அது முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். ஜெர்மனியின் கெமா, ஊரடங்கில் மூடிய கடைகளுக்கும் விடுதிகளுக்கும் மூடியிருந்த நாட்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. அதன் வசூல் ஏறக்குறைய பத்து சதவீதம் இறங்கியது. நம்முடைய ஐ.பி.ஆர்.எஸ். வசூலில் டிஜிட்டல் பங்குதான் பெரிது. அதனால் தொற்று முடிந்த பிறகு அது வேகமாக எழுந்தது. 2022-23 இல் 500 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

சரி, மதுரைக்கு வருவோம். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: நம் பக்கத்து மேடைகள் காலியானது சங்கத்தின் வசூலில் தெரிந்ததா?

2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடினார்கள். நவம்பர் 10 அன்றுதான் திறந்தார்கள், அதுவும் பாதி இருக்கைகளோடு. சித்திரைத் திருவிழா நின்றுபோனது. மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4 அன்று சில பட்டர்கள் மட்டும் நடத்தினார்கள், ஊரே இணையத்தில் பார்த்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மற்ற ஊர்கள் கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில், ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. 2021 இல் எல்லாம் திறந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதையும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டாம் அலையில் ஏப்ரல் 26 அன்று மூடிய தியேட்டர்கள் ஆகஸ்ட் 23 வரை திறக்கவில்லை. திருவிழாவும் இரண்டாவது ஆண்டாக மக்கள் இல்லாமலே முடிந்தது.

இத்தனை மேடைகள் காலியானபோது சங்கத்தின் மதுரை வசூல் படுத்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நம் பக்கத்து மேடைகளில் பெரும்பாலானவை எவை? ஒன்று கல்யாண வரவேற்பு, இன்னொன்று கோவில் திருவிழா. கல்யாணத்தில் பாடுவதற்கும் இசைப்பதற்கும் உரிமம் தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவே விலக்குத் தருகிறது. திருமண ஊர்வலமும், திருமணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் சேர்ந்தவை. மதச் சடங்குகளுக்கும் அதே விலக்கு. திருவிழாப் பந்தலில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளோ, நான் பார்த்தவரை எந்தச் சங்கத்தின் வசூல் புத்தகத்திலும் ஏறுவதே இல்லை. ஆகவே மேலூரிலும் திருமங்கலத்திலும் ஓர் ஆண்டு முழுக்க மெல்லிசைக் குழுக்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மும்பைக் கணக்கில் அது ஒரு கீறலாகக்கூடத் தெரியாது.

கீபோர்டு வாசிப்பவர், பேடு அடிப்பவர், மேடைப் பாடகி, ஒலிபெருக்கிக்காரர், வேன் ஓட்டுநர் ஆகியோர் இழந்தது கூலி. அவர்கள் இழந்தது ராயல்டி அல்ல. சங்கம் அந்த ஆண்டை நன்றாகக் கடந்தது என்ற செய்தியை அவர்களிடம் போய்ச் சொன்னால் எரிச்சல்தான் வரும், வருவது நியாயமும்கூட. சங்கத்தின் நலமும் இசைக்காரர்களின் நலமும் ஒன்று என்பதுபோல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இரண்டும் வெவ்வேறு ஏடுகள்.

நான் கணக்கர் என்பதால் கணக்கு ஏட்டின் உள்பக்கத்தையும் ஒருமுறை புரட்டிக் காட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொற்று ஆண்டில் ஒரு சங்கத்தின் வசூல் குறைவது முதல் தொல்லைதான். அதற்குப் பின்னால் வருவது பாக்கி. ஓர் ஓட்டலுக்கு ஆண்டுக் கட்டணத்துக்கான பில் போயிருக்கும். ஓட்டல் மூடிவிட்டது. பில் தொகை "வரவேண்டியது" என்று ஏட்டில் நிற்கும், பணம் வராது. எந்தப் பாக்கி வரும், எது வாராக்கடன் என்று தீர்மானிக்க வேண்டும். அதிகமாக நம்பினால் அறிக்கை அழகாக இருக்கும், அடுத்த ஆண்டு அழ வேண்டும். அப்புறம், ஏப்ரலிலும் மே மாதத்திலும் நடக்க வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே கட்டிய கட்டணம். நிகழ்ச்சி நடக்கவில்லை என்றால் அது வருமானமே ஆகாது. திருப்பித் தர வேண்டும், அல்லது அடுத்த நிகழ்ச்சிக்கு வரவு வைக்க வேண்டும்.

செலவோ இறங்காது. வாடகை, சம்பளம், கணினி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அப்படியே நிற்கும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: நூறு ரூபாய் வசூலில் பதினைந்து ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் எண்பது ஆனால், செலவைப் பிடித்து இழுத்துப் பதினான்காகக் குறைத்தாலும் விகிதம் பதினேழரைக்கு ஏறிவிடும். உறுப்பினர்கள் "செலவு கூடிவிட்டது" என்று கத்துவார்கள். செலவு உண்மையில் குறைந்திருக்கும். இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. பிரித்துக் கொடுக்கும்வரை பணம் வங்கியில் கிடக்கும், அதற்கு வட்டி வரும். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, 4 சதவீதத்துக்கு இறக்கியது. வைப்புத்தொகைக்கான வட்டியும் கூடவே இறங்கியது. அந்த வட்டியை வைத்து நிர்வாகச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கும் எந்த அமைப்பானாலும் அங்கேயும் ஓர் ஓட்டை விழும்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன "கையில் கொஞ்சம் கூடுதல்". இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் சங்கத்தில் இல்லை, வருமான வரியில் இருக்கிறது. அப்போது ராயல்டிக்கு 194ஜே பிரிவின்படி பத்து சதவீதம் பிடித்தம் இருந்தது. கொரோனா சலுகையாக 2020 மே 14 முதல் 2021 மார்ச் 31 வரை அதை ஏழரை சதவீதமாகக் குறைத்தார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் பிடிக்க வேண்டிய இடத்தில் எழுநூற்றைம்பதுதான் பிடித்தார்கள். கட்ட வேண்டிய வரி குறையவில்லை, முன்கூட்டிப் பிடிப்பதுதான் குறைந்தது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை நண்பர் எடுத்துப் பார்த்தால் தேதியோடு தெரிந்துவிடும்.

பல சங்கங்கள் அந்த நேரத்தில் உறுப்பினர்களுக்கு உதவித் தொகையும் கொடுத்தன, ஐ.பி.ஆர்.எஸ்.ஸும் கொடுத்தது. உதவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று திருப்பித் தர வேண்டாதது. மற்றது வரப்போகும் ராயல்டியிலிருந்து முன்பணம். கெமா மேடையில் பாடுகிற தன் உறுப்பினர்களுக்கு இப்படி ஒரு முன்பணத் திட்டம் வைத்தது. முன்பணம் வாங்கியவருக்கு அடுத்த ஆண்டுப் பட்டுவாடா அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். இரண்டையும் "நிவாரணம்" என்றே எல்லாரும் சொல்லிவிடுவதால் பின்னால் சண்டை வருகிறது.

நண்பரிடம் சொல்லுங்கள்: ராயல்டி விவரத்தாளில் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் காலத்துக்கான தொகை என்பதைப் பார்க்கட்டும். மொத்தக் கணக்கும் வேண்டுமென்றால், 2021 இல் திருத்திய பதிப்புரிமை விதிகளின்படி சங்கங்கள் ஆண்டுதோறும் வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். யார் என்று கண்டுபிடிக்க முடியாத பாடல்களின் பணத்தையும் தனியாக வைத்துக் காட்ட வேண்டும். கேட்க உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

2021 இல் குறைந்தது பின்னால் ஈடுகட்டப்படுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஒலிக்காத பாட்டுக்கு எந்தக் காலத்திலும் பணம் வராது அண்ணே. ஒலித்தும் பெயர் பொருந்தாமல் நின்றுபோன பாட்டு என்றால் வர வாய்ப்பு இருக்கிறது. பாட்டின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்ட நிறுவனம் எல்லாவற்றையும் சரியாகப் பதிவு செய்துவிட்டுச் சங்கத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் உறுப்பினராக இருப்பதாக எழுதவில்லை. அம்மன் பாடல்களை ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி என்ன இருக்கிறது என்று நினைத்து விட்டிருந்தால், தாள்களைத் தேடி எடுங்கள். பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2012 ஜூன் 21 க்குப் பிறகு எழுதிக் கொடுத்ததாக இருந்தால், ராயல்டியில் உங்களுக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுப்பதாக அந்தத் தாளில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. சினிமாப் பாட்டுக்கு மட்டும் அல்ல, தனியாக ஒலிப்பதிவாகும் பாட்டுக்கும் அந்தத் திருத்தம் பொருந்தும். அதற்கு முந்தைய தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் சொல்ல முடியும். அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி மேலூரிலிருந்து, மெல்லிசைக் குழுவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா என்பது பற்றி.