முதலில் ரோட்டார், அப்புறம் எஞ்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். ஜைரோபிளேன் என்று சொன்னதும், "சின்ன ஹெலிகாப்டர்தானே?" என்று பலரும் கேட்கிறார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். தலைக்கு மேலே நீளமாக இரண்டு பிளேடு, முதுகுக்குப் பின்னால் எஞ்ஜின், கீழே மூன்று சக்கரம், நடுவில் ஒரு இருக்கை. பல வண்டிகளுக்குக் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. ஆனால் ஹெலிகாப்டரில் மேலே சுற்றும் பிளேடுகளை, அதாவது ரோட்டாரை, எஞ்ஜின் சுற்றுகிறது. ஜைரோ பறக்கும்போது எஞ்ஜினுக்கும் ரோட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எஞ்ஜின் புரொப்பல்லரைச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளும், அதோடு அதன் வேலை முடிந்தது. ரோட்டாரைச் சுற்றுவது காற்று.

சின்ன வயதில் பனையோலையில் காத்தாடி செய்து, கருவேல முள்ளில் குத்திப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியிருப்பீர்கள். ஓடினால் சுற்றும், நின்றால் நின்றுவிடும். ஜைரோவின் ரோட்டாரும் அதே கதைதான். அதைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். வண்டி முன்னால் போகப் போகக் காற்று அடியிலிருந்து மேல்நோக்கி அதன் வழியாகப் போகும், பிளேடு சுற்றும், வண்டி தூக்கும். சரி, நடுவானில் எஞ்ஜின் நின்றுவிட்டால்? வண்டி இறங்க ஆரம்பிக்கும். இறங்குகிற வண்டிக்குக் காற்று அடியிலிருந்துதானே வரும்? அதனால் ரோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கி வந்து ஒரு சின்ன மைதானத்தில் உட்காரலாம். அடியிலிருந்து காற்று வரும்வரை ரோட்டார் சுற்றும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரர், முர்சியாவில் 1895-ல் பிறந்த ஹுவான் டி லா சியர்வா. 1919-ல் மூன்று எஞ்ஜின் வைத்த ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தைச் செய்தார். சோதனைப் பறப்பில், தாழ்வாகத் திரும்பும்போது வேகம் குறைந்து, இறக்கை தூக்குவதை விட்டுவிட்டது, விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி பிழைத்துக்கொண்டார். விமானத்தின் வேகம் குறைந்தாலும் இறக்கையின் வேகம் குறையக் கூடாது, அதற்கு இறக்கையே தனியாகச் சுற்ற வேண்டும் என்று சியர்வா யோசித்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் ஆட்டோஜைரோ, அதாவது நம் ஜைரோபிளேன்.

ஆனால் அவர் முதலில் செய்த மூன்று வண்டிகளும் ஒரே மாதிரி ஏமாற்றின. கிளம்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. காரணம் இதுதான். முன்னால் வருகிற பிளேடுக்கு வண்டியின் வேகமும் சேர்ந்து காற்று அதிகம், அதனால் தூக்கல் அதிகம். பின்னால் போகிற பிளேடுக்குக் குறைவு. அப்படியானால் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் சாயத்தானே செய்யும்? ஆனால் அவர் செய்த சின்ன மாதிரி மட்டும் நேராகப் பறந்தது. மாதிரியின் பிளேடுக்குள் பிரம்பு வைத்திருந்தார். பிரம்பு வளையும். காற்று அதிகம் பட்ட பிளேடு தானாக மேலே வளைந்து, கூடுதல் தூக்கலைக் கழித்துவிட்டது. பெரிய வண்டியில் இரும்பு, அது வளையவில்லை. வளைவு இல்லாத இடத்தில் பிளேடின் அடியில் ஒரு கீல் வைத்தார். பிளேடு தன்பாட்டுக்கு ஏறி இறங்கட்டும் என்று விட்டுவிட்டார். நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். இரும்பை விறைப்பாக நிறுத்துவதற்கே எங்கள் பிழைப்பெல்லாம். ஒரு பாகத்தைத் தளர்த்திவிட்டுத்தான் வண்டியைப் பறக்க வைத்தார் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றைக்கும் குறையவில்லை. அந்தக் கீல் வைத்த வண்டி 1923 ஜனவரியில் மாட்ரிட் பக்கத்தில் கெடாஃபேயில் பறந்தது. சில நாளில் எஞ்ஜின் தாழ்வான உயரத்தில் நின்றுபோனது. வண்டி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாத முடிவுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் வட்டமடித்து வந்தது. 1928 செப்டம்பரில் சியர்வா தானே ஓட்டி, லண்டன் குராய்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பாரிஸில் இறங்கினார். 1936-ல் அதே குராய்டனில், பயணியாக ஏறிய ஒரு சாதாரண விமானம் மூடுபனியில் கிளம்பி விழுந்ததில் அவர் இறந்துபோனார். ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

ஹெலிகாப்டர் வந்த பிறகு பெரிய ஆட்டோஜைரோக்கள் ஓய்ந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் எஞ்ஜினே இல்லாத ரோட்டார் பட்டம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்தன. கண்காணிக்கும் ஆள் அதில் உட்கார்ந்து நூறு மீட்டருக்கும் மேலே நின்று எதிரிக் கப்பலைத் தேடுவார். போர் முடிந்ததும் இப்படிப்பட்ட பட்டங்களை ஆராய்ந்த இகோர் பென்சன் அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே ஊரில், வீட்டில் செய்யக்கூடிய வண்டியாக அதை மாற்றினார். சதுர அலுமினியக் குழாய், போல்ட், நட்டு. பற்றவைப்பு வேலையே கிடையாது. ராணுவம் சுட்டுப் பழகப் பறக்கவிட்ட ஆளில்லா விமானத்தின் எஞ்ஜினை வாங்கிப் பின்னால் மாட்டினால் ஆயிற்று. 72 குதிரைத்திறன். 1950-களின் கடைசியில் வந்த பி-8எம் வண்டி சுமார் 112 கிலோ. பத்திரிகை விளம்பரம் பார்த்து வரைபடம் வாங்கிக் கார் கொட்டகையில் செய்தவர்கள் எத்தனையோ பேர். இன்று உலகம் முழுக்க ஓடும் சின்ன ஜைரோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் வண்டிதான் மூதாதை.

இங்கேதான் நான் எங்கே போனாலும் பேசாமல் விடாத விஷயம் வருகிறது. பாதுகாப்புக்காகவே பிறந்த இந்த வண்டி ஏன் இத்தனை பேரைக் கொன்றது?

விமானம் ஓட்டப் பழகியவர்களுக்கு ஒரு பாடம் கையிலேயே ஊறியிருக்கும். வேகம் குறைகிறதா, இறக்கை விட்டுவிடும்போல் இருக்கிறதா, ஓட்டும் கம்பியான ஸ்டிக்கை முன்னால் தள்ளு. விமானத்தில் அது உயிரைக் காக்கும். ஜைரோவில் அதே கை உயிரை எடுக்கும். ஸ்டிக்கைப் பட்டென்று முன்னால் தள்ளினால் ரோட்டார் சுமந்துகொண்டிருந்த பாரம் ஒரு கணம் அதைவிட்டு இறங்கிவிடுகிறது. அடியிலிருந்து வரும் காற்று நின்றுபோகிறது. காத்தாடிக்குக் காற்று நின்றால் என்ன ஆகும்? ரோட்டார் வேகம் இழக்கிறது. மேலே ரோட்டார் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்த இழுவையும் அதோடு போய்விடுகிறது. எஞ்ஜின் மட்டும் பின்னாலிருந்து முழுபலத்தோடு தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது தள்ளும் கோடு வண்டியின் எடை மையத்துக்கு மேலே இருந்தால் மூக்கு கீழே போய் வண்டி குப்புறக் கவிழும். ஓரிரு விநாடிதான். பிறகு மீட்கவே முடியாது.

எடை மையத்துக்கு மேலே எப்படிப் போகிறது? பென்சன் காலத்து புரொப்பல்லர் சின்னது. பின்னாளில் கியர் வைத்த எஞ்ஜின்கள் வந்தன, அவற்றுக்குப் பெரிய புரொப்பல்லர் வேண்டும். அது கீழ்க்குழாயில் இடிக்காமல் இருக்க எஞ்ஜினை உயர்த்தி மாட்டினார்கள். ஓட்டுபவர் இருக்கையோ பழையபடி தாழ்வாகவே இருந்தது. போதாததற்கு, படுக்கைவாட்டு வால் பல வண்டிகளில் இல்லவே இல்லை, இருந்தாலும் பெயருக்குத்தான். பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியும் எஞ்ஜின் தள்ளும் கோட்டைப் பற்றித்தான் சொன்னது. புரொப்பல்லர் தள்ளும் கோடு எடை மையத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

இரண்டு அங்குலம்! எடை மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே? முடியாது. ஆனால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். கொட்டகை உத்திரத்தில் சங்கிலி போட்டு, ரோட்டார் தலையில் இருக்கும் போல்டிலேயே வண்டியைத் தொங்கவிடுவோம். ஓட்டப்போகிறவர் தலைக்கவசம் உட்பட எல்லாம் மாட்டிக்கொண்டு இருக்கையில் உட்கார வேண்டும். டாங்கில் எரிபொருளும் இருக்க வேண்டும். வண்டி ஆடி ஓயும்வரை யாரும் பேச மாட்டோம், மூச்சுகூட மெதுவாகத்தான். நின்றதும் தொங்கும் இடத்திலிருந்து குண்டைவிட்டு, நூல் போகும் வழியை ரோட்டாரைத் தாங்கும் கம்பத்திலும் இருக்கைப் பக்கவாட்டிலும் கோடாகக் குறித்துக்கொள்வோம். பிறகு தொங்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் மாற்றி மறுபடி தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் எடை மையம். அங்கிருந்து புரொப்பல்லரின் நடுவுக்கு அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு மாலைப்பொழுது வேலை. இதைச் செய்யாமல் பறப்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. புது வண்டி என்றாலும் தொங்கவிட்டுப் பாருங்கள். ஓட்டும் ஆள் மாறினாலும் பாருங்கள், ஏனென்றால் இத்தனை சின்ன வண்டியில் ஆள்தான் பெரிய பாரம்.

போன கோடையில் நம் ஊர்ப் பையன் ஒருவன், புதிதாக எஞ்ஜினியரிங் முடித்தவன், எங்கள் கொட்டகைக்கு வந்தான். "அங்கிள், எஞ்ஜின் வாங்கிட்டேன், மாட்டிடலாமா?" என்றான். "முதல்ல ரோட்டாரைப் பழகு தம்பி, எஞ்ஜின் எங்கயும் போகாது" என்றேன். கையில் பிளேடைப் பிடித்துத் தள்ளிச் சுற்றவைக்கச் சொன்னேன். பழைய வண்டிகளில் அப்படித்தான் தொடங்குவார்கள். இப்போது அதற்கென்று இணைப்பு வந்துவிட்டது, தரையில் மட்டும் எஞ்ஜினால் ரோட்டாரைச் சுற்றிவிட்டுப் பிறகு விடுவித்துவிடலாம். ஆனால் கையால் தள்ளினால்தான் அந்த பாரம் தெரியும். முதலில் சோம்பலாக நகரும். பிறகு காற்றை எதிர்த்து வண்டியை மெல்ல உருட்டினால் ரோட்டார் தானாகவே வேகம் எடுக்கும். ஸ்டிக்கில் அதன் துடிப்பு விரலுக்கு வரும். ரோட்டார் வேகம் எடுக்குமுன் வண்டி வேகம் எடுத்துவிட்டால் பிளேடு அடித்துக்கொள்ளும், ஸ்டிக் கையை உதறும். அப்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிளேடு வாலில் அடித்து, வண்டி தரையிலேயே புரண்டுவிடும்.

அவனுக்கு நான் சொன்ன இன்னொன்று, ஆசிரியர் இல்லாமல் பறக்காதே. அமெரிக்காவில் ஒற்றை இருக்கை, 254 பவுண்டுக்குள் காலி எடை என்று சில வரம்புகளுக்குள் இருந்தால் உரிமமே தேவையில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் தானே பழகிக்கொள்கிறேன் என்று இறங்கியவர்களைத்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம். புதியவர் கை எப்போதும் தாமதம். மூக்கு ஏறினால் தள்ளுவார், அது பலிப்பதற்குள் மூக்கு இறங்க ஆரம்பித்திருக்கும், உடனே இழுப்பார். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். இரட்டை இருக்கை வண்டியில் பக்கத்திலோ பின்னாலோ ஆசிரியர் இருந்தால் சொல்வார்: த்ராட்டிலைக் குறை, ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடி, ஆட்டாதே. வண்டி தானாக அடங்கிவிடும். விமானிகளே, நீங்களும் இந்தப் பாடம் படிக்கத்தான் வேண்டும். நீங்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

கடிகாரம் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்கிறது. சொந்தமாக வைத்துக்கொள்வது, செலவு, பராமரிப்பு பற்றியெல்லாம் பேசலாம் என்று நினைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பழைய வண்டி வாங்கப்போனால் எஞ்ஜின் சத்தத்தில் மயங்காதீர்கள். முதலில் பிளேடு. அதன் அடியில் போல்ட் போகும் துளைகளைச் சுற்றி விரிசல், துரு, நீளவாக்கில் தேய்ந்த ஓட்டை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பறந்தது என்ற பதிவேடு இல்லாத பிளேடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், தரையில் எதையாவது தட்டியிருந்தால் அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பிறகு வால்: படுக்கைவாட்டு வால் இருக்கிறதா, புரொப்பல்லர் காற்று படும் இடத்தில் நல்ல அகலமாக இருக்கிறதா? அப்புறம் ஒரு சங்கிலி கொண்டுபோய், விற்பவரிடம் கேட்டு, அவர் கொட்டகையிலேயே தொங்கவிட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம். வணக்கம்.