பழைய மரமும் பழைய தளபாடமும்

வணக்கம் நேயர்களே.

வன்னியில் பழைய பெட்டகமோ அலுமாரியோ வாங்கப் போகிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மரத்துக்கு நூறு வயது இருக்கலாம், அந்த மரத்தில் செய்த பெட்டகம் போன மாதம் செய்ததாக இருக்கலாம். பழைய மரத்துக்கு இங்கே குறைவில்லை. இடிந்த வீடுகளின் நிலை, கதவு, வளை, கைமரம் எல்லாம் முதிரையிலும் பாலையிலும் வேம்பிலும் செய்தவை. வடக்கு ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகள் யுத்த காலத்தில் பங்கர் மூடப் போய், பிறகு அங்கிருந்தும் கிளப்பப்பட்டன. இந்த மரத்தை அரிந்து புதுத் தளபாடம் செய்வதில் தவறு எதுவுமில்லை. முதிரை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் அது நல்ல வேலை என்றே நான் சொல்வேன். ஆனால் அதை ‘பூட்டன் காலத்துச் சாமான்’ என்று சொல்லி விற்கும்போது வாங்குபவர் ஏமாறுகிறார். பழைய மரத்தில் செய்த புதுச் சாமானுக்கு மரத்தின் விலையும் ஓடாவியின் கூலியும் கொடுத்தால் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காரணமில்லாத துளைகளைத் தேடுங்கள். கதவாக இருந்த பலகையில் பிணைச்சல் பதித்த பள்ளம் இருக்கும். நிலையாக இருந்த மரத்தில் கழுந்து, அதாவது மற்ற மரத்தின் நுனியில் வெட்டிய நாக்கு, புகுந்த சதுரத் துளை இருக்கும். அதை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பார்கள். வெளிச்சத்தைப் பலகைக்குச் சரிவாகப் பிடித்தால் அடைத்த இடம் வேறு நிறத்தில் தெரியும். சிலிப்பர் கட்டையில் கட்டைவிரல் பருமனான துளைகள் இருக்கும், துளையைச் சுற்றி இரும்புக் கறை கருநீல வளையமாக ஊறியிருக்கும். மேசைக் காலின் நடுவில் அப்படி ஒரு வளையம் இருந்தால் அந்த மேசையின் வயதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

இதைவிட உறுதியான சாட்சி வண்டு அரித்த தடம். வண்டின் புழு மரத்துக்குள்ளேதான் குடைந்து திரியும். வண்டாகி வெளியே வரும்போது ஒரு சிறு வட்டத் துளை மட்டும் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அதனால் கைபடாத பழைய பலகையின் முகத்தில் நாம் காண்பது ஊசித் துளைகள் மட்டும். பலகையின் முகத்தில் நீளமாக, வாய்க்கால் போல் திறந்த தடங்கள் ஓடினால், வண்டு அரித்த பிறகு யாரோ அந்த மரத்தை அரிந்திருக்கிறார்கள் அல்லது சீவியிருக்கிறார்கள். விற்பவர் என்ன கதை சொன்னாலும் இந்தத் தடம் மாறிப் பேசாது.

பார்க்கப் போகும்போது ரோச் லைற், அளவு நாடா, சிறு காந்தம், தையல் ஊசி, வெள்ளைத் துணி, சின்னப் போத்தலில் ஸ்பிரிட் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முன்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். முன்பக்கம் எல்லாருக்கும் காட்டுவதற்காக மினுக்கி வைத்தது. பெட்டகத்தைச் சுவரிலிருந்து இழுத்து முதுகைப் பாருங்கள், சரித்து அடியைப் பாருங்கள், லாச்சி இருந்தால் முழுதாக வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அங்கேதான் பழைய ஓடாவி பொலிஷ் பூசாமல், சீவி மினுக்காமல் விட்டிருப்பார்.

அங்கே வாள் தடம் தெரியும். இருவர் இழுத்த பெரிய வாளின் தடம் நேராகவும் ஒன்றுக்கொன்று சரிவு மாறியும் இருக்கும். மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் சுழலும் சில்லு வாள் பிறை பிறையாக வளைந்த கோடு போடும். நாடா போல் ஓடும் பட்டி வாள் ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகள் போடும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஐரோப்பியத் தளபாடங்களைப் பற்றி எழுதியவர்கள் கைவேலை என்றாலே பழமை என்று சொல்வார்கள். நம் நாட்டில் அந்தக் கணக்குப் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டிலும் நம் ஊர்களில் கைவாளால் மரம் அரிந்தார்கள். விசிறி போல் வெட்டி மூலை கோர்க்கும் டவ்ரெயில் பொருத்தை இன்றும் உளியால் வெட்டும் ஓடாவிகள் இருக்கிறார்கள். ஆகவே கைவேலையை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. இயந்திரத் தடம்தான் உறுதியாகப் பேசும்: ‘ஒல்லாந்தர் காலம்’ என்று சொல்லப்படும் பெட்டகத்தின் மூலப் பலகையில் சில்லு வாளின் பிறைக் கோடு இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆணியும் அப்படித்தான். கொல்லன் அடித்த ஆணி சதுரமாக, நுனி நோக்கி ஒடுங்கி, தலை ஒழுங்கில்லாமல் இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. திருகாணியின் நுனி 1840களுக்கு முன் மொட்டையாகத்தான் இருந்தது, கூர் நுனி பிறகு வந்தது. தலையில் நட்சத்திர வெட்டு உள்ள திருகாணி 1930களுக்குப் பிந்தியது. ஒன்றிரண்டு ஆணி பிந்தியதாக இருந்தால் அது பழுது பார்த்ததாக இருக்கலாம். எல்லாமே பிந்தியதாக இருந்து, அவற்றுக்குக் கீழே பழைய துளையும் இல்லையென்றால், சாமானும் பிந்தியதுதான். பூட்டுத் தகட்டுக்குக் காந்தத்தைப் பிடியுங்கள். பித்தளையில் ஒட்டாது, பித்தளை முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் இருந்த சாமான் என்றால் உப்புக் காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பிடித்து, ஓரத்து மரத்திலும் அந்தப் பச்சை கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும்.

பலகை குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் வட்டமாகச் செய்த பழைய மேசை சரியான வட்டமாக நிற்காது. மூன்றடி மேசையில் இழையோடு ஒரு தடவை, இழைக்குக் குறுக்கே ஒரு தடவை நாடாவால் அளந்தால் சில நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் வரும். கடைந்த காலையும் கலிப்பரால் இரண்டு பக்கம் அளந்தால் இதே வித்தியாசம் தெரியும்.

தேய்மானத்தைக் கை போகும் இடத்தில் தேடுங்கள். பெட்டக மூடியின் முன் ஓரத்தின் நடு, சாய்மனைக் கதிரைக் கையின் நுனி, லாச்சியின் கீழ் விளிம்பு, வாங்கின் முன் விளிம்பு ஆகிய இடங்கள் தேய்ந்திருக்கும். மூலைகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டிருந்தால் அது சான்ட் பேப்பர் செய்த தேய்மானம்.

இனி மரம். முதிரை பொன்மஞ்சள். பொலிஷ் போட்ட முகத்தைச் சரித்துப் பார்த்தால் நாடா நாடாவாக ஒளி மாறும். பலா புதிதில் பளிச்சென்ற மஞ்சள், வயதாக ஆகச் செம்பழுப்பாக இருண்டுவிடும். ஆகவே முகம் இருண்டும் சுரண்டிய இடம் மஞ்சளாயும் இருந்தால் பயப்படாதீர்கள், பலாவுக்கு அது இயல்பு. கருங்காலியின் வைரப்பகுதி உள்ளும் புறமும் கறுப்பு. ஸ்பிரிட் நனைத்த துணியில் கறுப்பு இறங்கினால் அது சாயம். மகோகனி நம் நாட்டுக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்த மரம், அதில் ஒல்லாந்தர் பெட்டகம் என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள்.

நிறத்தில் ஏமாற்றலாம், பாரத்தில் ஏமாற்றுவது கடினம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமான பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். நீளப் பக்கங்கள் இரண்டும் 20 சதுர அடி, குறுக்குப் பக்கங்கள் இரண்டும் 8, மூடி 10, அடிப்பலகை 10. மொத்தம் 48 சதுர அடி. ஒரு அங்குலத் தடிப்பு என்றால் பன்னிரண்டால் பிரிக்க 4 கன அடி. முதிரை கன அடிக்குச் சுமார் 60 இறாத்தல். ஆக 240 இறாத்தல், ஏறக்குறைய 110 கிலோ. அதே பெட்டகம் பலாவில் என்றால் கன அடிக்கு 40 இறாத்தல் வைத்து 73 கிலோ அளவில் வரும். ‘அசல் முதிரை’ என்று சொன்ன பெட்டகத்தை இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கி லொறியில் வைத்தால் சந்தேகப்படுங்கள். இந்தக் கணக்கு விலை பேசவும் உதவும். கன அடியை மரக்காலை விலையால் பெருக்கினால் வெறும் மரத்தின் பெறுமதி தெரிந்துவிடும்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் 1658 முதல் 1795 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தளபாடம் கரையோரக் கோட்டைகளையும் பட்டினங்களையும் ஒட்டித்தான் அதிகம் இருந்தது. வன்னியில் உங்களுக்குக் காட்டப்படும் சாமான் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிந்தியதோ என்று வைத்துக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பு. அசலை ஒருமுறை கண்ணால் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விட நல்லது. கொழும்பு புறக்கோட்டையில், பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. வட்ட இருக்கையும் ஆறு காலும் தாழ்ந்த வளைந்த முதுகும் உள்ள பர்கோமாஸ்டர் கதிரை ஒல்லாந்தர் பாணியின் நல்ல அடையாளம். அதைப் பார்த்த கண்ணுக்குப் போலியின் கால் தடிப்பே வித்தியாசமாகத் தெரியும்.

பிரம்புக் கதிரையைத் தலைகீழாகத் திருப்புங்கள். சட்டத்தில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையாகப் பிரம்பு கோர்த்திருந்தால் கையால் பின்னியது. ஆயத்தமாகப் பின்னிய பாயை வெட்டி, சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் வைத்துப் பசையோடு அழுத்தியிருந்தால் அந்த முறை பிந்தியது. பிரம்பு புதிதாக இருப்பது குறையில்லை, பிரம்பு அறுந்துபோகிற பொருள்தான். சட்டத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பொலிஷைப் பற்றிக் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியை அரை நிமிடம் வையுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அரக்குப் பொலிஷ். அசையாமல் இருந்தால் இக்காலத்து வார்னிஷ். அரக்குப் பொலிஷ் பூசிய பழைய முகத்தைத் தயவுசெய்து சுரண்டாதீர்கள். சீவுளி போட்டு, இயந்திரத்தால் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்த பெட்டகங்களை நிறையப் பார்க்க முடிகிறது. அந்த நிறம் வரப் பல தலைமுறை ஆகியிருக்கும், சுரண்டிய பிறகு எந்த ஓடாவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, விலையும் விழுந்துவிடும். அழுக்கென்றால் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் போதும்.

வண்டுத் துளைக்குள் ஊசியை விடுங்கள். உட்புறம் வெளிறி, மாவு போல் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படியான சாமானை வீட்டிலுள்ள மற்றத் தளபாடங்களோடு சேர்க்காதீர்கள். பொலிஷ் இல்லாத முதுகிலும் அடியிலும் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் பூசுங்கள். பொலிஷ் முகத்தில் அது உள்ளே போகாது, துளைகளில் ஊசிக் குழாயால் விட வேண்டும். கழிவு ஒயில் வேண்டாம். வளைக்கும் கைமரத்துக்கும் பூசிய பழக்கத்தில் பெட்டகத்துக்கும் பூசிவிடுகிறார்கள், அந்தக் கறை போகவே போகாது. கறையானுக்குக் கால்களைத் தட்டிப் பாருங்கள். கூரையில்லாத வீட்டில் மாரி மழையில் நின்ற சாமானின் கால்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உக்கியிருக்கும். நான்கு காலும் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வீட்டில் பழைய பெட்டகம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இடப்பெயர்வுகளைத் தாண்டி ஒரு பெட்டகம் மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். லொறியோடு வாசலில் வந்து நின்று அவசரப்படுத்துகிறவருக்கு அன்றே கொடுத்துவிடாதீர்கள். முன்னே சொன்ன கன அடிக் கணக்கைப் போட்டு, இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். வாங்குபவர் விற்றவரிடம் திகதியும் விபரமும் எழுதிய பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும். பலகையாகக் கழற்றி ஏற்றினால் மரம் கொண்டுபோகும் அனுமதி பற்றிய கேள்வி வழியில் வரும், முழுச் சாமானாகவே ஏற்றுவது நல்லது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனங்கள் சட்டமும் இருப்பதை மறக்கக் கூடாது. தொல்பொருள் திணைக்களத்தில் கேட்காமல் பொதி கட்டாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது மூடியைக் கழற்றித் தனியே கட்டுங்கள். பெட்டகத்தை அடியில் பிடித்துத் தூக்குங்கள், இழுத்தால் கால் பொருத்து விட்டுவிடும். மாரியில் லாச்சி இறுகினால் உடனே சீவுளி போட வேண்டாம். ஈரத்தில் ஊதிய மரம் வெயில் காலத்தில் தானாகச் சுருங்கும். மழையில் சீவிய லாச்சி கோடையில் கலகலத்துப் போகும். ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுச் சித்திரை வரை பொறுங்கள். அப்போதும் இறுகினால் ஓடாவியைக் கூப்பிடலாம்.

வணக்கம்.