62 மாற்றங்கள், 8,000 கோடி செல்கள்

[திரையில்: கல்லீரல். அதில் டென்னிஸ் பந்து அளவில் ஒரு கட்டி.]

வணக்கம். அமெரிக்காவில், புளோரிடாவைச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர். வயது 49. மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது. கீமோ, ஹார்மோன் சிகிச்சை எல்லாம் பார்த்தாயிற்று, எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், டாக்டர் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவின் ஆய்வில் சேர்ந்தார்.

குழு முதலில் அவருடைய கட்டியின் மரபணுக்களைப் படித்தது. நல்ல செல்லின் மரபணுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், 62 இடங்களில் மாற்றம். மரபணு மாறினால் அது செய்யும் புரதமும் மாறும். அப்படி மாறிய புரதம் உடம்புக்கு அந்நியம். அதை இனம் கண்டுகொள்ளும் டி-செல்கள், அதாவது நோயை எதிர்த்துப் போராடும் ஒருவகை வெள்ளணுக்கள், கட்டிக்குள்ளேயே புகுந்திருக்கும். ஆனால் அந்தச் சொற்பக் கூட்டத்தால் கட்டியை அடக்க முடியாது.

சரி, அவற்றைத் தேடிப் பிடிப்பது எப்படி?

[திரையில்: சின்னச் சின்னக் குழிகள் நிறைந்த ஆய்வகத் தட்டு.]

கட்டியை வெட்டியெடுத்து, பொடியாக நறுக்கி, குழிக்கு ஒரு துண்டாகப் போடுகிறார்கள். இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைச் சேர்த்தால், துண்டுக்குள் இருக்கும் டி-செல்கள் வெளியே வந்து பெருகும். அப்புறம் அந்த 62 மாற்றங்களையும் அவற்றிடம் காட்டுகிறார்கள். எந்தக் குழி சிலிர்த்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இவருடைய டி-செல்கள் நான்கு மாறிய புரதங்களைக் கண்டுகொண்டன. நான்கே நான்கு! அப்படிச் சிலிர்த்த குழிகளின் செல்களை 8,000 கோடிக்கும் மேல் வளர்த்து, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் அவருக்கே திரும்ப ஏற்றினார்கள். புதியவற்றுக்கு இடம் வேண்டுமே, அதனால் பழைய வெள்ளணுக்களைக் கீமோ மருந்தால் முன்பே குறைத்திருந்தார்கள். கூடவே பெம்ப்ரோலிசுமாப், டி-செல்களுக்குக் கட்டி போடும் பிரேக்கை விடுவிக்கும் மருந்து.

2018-ல் நேச்சர் மெடிசின் இதழில் இது வெளியானது. சிகிச்சைக்குப் பின் 22 மாதங்கள் ஆகியும் அவர் உடம்பில் கட்டியின் தடயம் இல்லை. படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. 2022-ல் அதே குழு வெளியிட்ட கணக்கில், இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் 6 பேர். கட்டி சுருங்கியது 3 பேருக்கு. அவர்களில் இவரும் ஒருவர். இது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது. இதை நம்பி, நடக்கும் சிகிச்சையை யாரும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

அதே ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மார்பகப் புற்றுநோயில் மரபணு மாற்றங்கள் குறைவு, எதிர்ப்பாற்றலின் கண்ணில் அது படாது என்ற கருத்து பரவலாக இருந்தது. பரிசோதித்த 42 பேரில் 28 பேரின் டி-செல்கள் கட்டியை ஏற்கெனவே அடையாளம் கண்டிருந்தன.