மிதிலையின் மணவறைச் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பீகாரின் வடபகுதியில், நேபாள எல்லையை ஒட்டிய மதுபனி, தர்பங்கா மாவட்டங்களில் வழங்கிவரும் ஓவிய மரபைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். புடவையிலும் கைப்பையிலும் அச்சிட்டு விற்கப்படும்போது அதற்கு மதுபனி ஓவியம் என்று பெயர். சீதை பிறந்த மண் என்று பெருமை கொள்ளும் அவ்வூர் மக்கள் அதை மிதிலை ஓவியம் என்கிறார்கள். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய ஓர் உள்ளறைச் சுவரை மனத்தில் எழுப்பிக்கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். மணமகளின் வீட்டில், திருமணம் முடிந்ததும் மணமக்கள் முதல் நான்கு இரவுகளைக் கழிக்கும் மணவறை அது. சுவரின் நடுவே நெடிய தண்டு ஒன்று எழுகிறது. அதைச் சூழ்ந்து வட்ட வட்டமாகத் தாமரை இலைகள் அடர்ந்திருக்கின்றன. இலைக் கூட்டத்தைப் பெண்ணாகவும் தண்டை ஆணாகவும் கொள்வது பொதுவான விளக்கம். அந்தத் தண்டு மூங்கில் என்பாரும் உண்டு, தாமரையின் தண்டே என்பாரும் உண்டு. சுற்றிலும் மீன்கள், ஆமை, இணைக் கிளிகள், பாம்பு, மேலே சூரியனும் சந்திரனும், ஒருபுறம் கௌரியை வழிபடும் மணப்பெண். அறையின் நான்கு மூலைகளிலும் முகத்தைப் பாதி மறைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் நைனா ஜோகின் என்னும் மாயப் பெண். மணமக்கள் மீது கண்ணேறு விழாமல் காப்பது அவளுடைய பொறுப்பு.

இதையெல்லாம் வரைந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. தாயிடமும் பாட்டியிடமும் கண்டு கற்ற கைகள் அவை. தரையில் அரிசி மாவைக் கரைத்து விரலால் இடும் அரிப்பனும் அவர்களுடையதே. நம் மாக்கோலம் அறிந்தவர்களுக்கு அந்த விரலின் ஓட்டம் உடனே புரியும்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எனினும் நான் கோட்டிலிருந்துதான் தொடங்குவேன். மூங்கில் குச்சியின் முனையில் சிறிது பஞ்சையோ துணியையோ சுற்றி, முன்வரைவு எதுவும் இல்லாமல், உருவத்தின் எல்லையை இரட்டைக் கோடாக இழுக்கிறார்கள். இரு கோடுகளுக்கும் இடையே மிகச் சிறிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக நிரம்புகின்றன. அதனால் கரையே ஓர் அணியாகிவிடுகிறது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அதில் மீன் போன்ற ஒரே பெரிய கண். நிழல் இல்லை, தொலைவு இல்லை, அருகில் இருப்பது பெரிது என்ற கணக்கும் இல்லை. உருவங்களுக்கு இடையே எஞ்சும் இடத்தில் பூவோ இலையோ பறவையோ வந்து அமர்ந்துவிடும். வெற்றிடத்துக்கு அஞ்சும் கலை என்று இதை விளக்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நிறைவை வேண்டி வரையும் மணவறைச் சுவரில் வெறுமையை விட்டுவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நடையும் பொருளும் இங்கே ஒரே வேண்டுதலிலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

நிறங்களும் வீட்டையும் தோட்டத்தையும் சுற்றியே கிடைத்தன: விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, மஞ்சளிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம், இலைச்சாற்றிலிருந்து பச்சை. ஆனால் எந்த வீட்டில் எந்த நடை என்பதைச் சாதி வகுத்திருந்தது. பிராமணப் பெண்கள் உருவங்களை அடர்ந்த நிறத்தால் நிரப்பும் பர்னி நடையிலும், காயஸ்தப் பெண்கள் கறுப்பு, சிவப்பு மெல்லிய கோடுகளாலேயே உருவைச் செதுக்கும் கச்னி நடையிலும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட துசாத் சமூகப் பெண்கள் தங்கள் உடலில் குத்திய பச்சையின் உருவங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கோதனா என்னும் தனி நடையைப் படைத்தார்கள். இராமனும் கண்ணனும் இருந்த இடத்தில் தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேசை யானை மீது ஏற்றி வைத்தார்கள். இந்த மரபில் நிகழ்ந்த மிகத் துணிவான செயல் இதுவே என்பேன்.

வெளியுலகம் இச்சுவர்களைக் கண்டது ஒரு பேரிடரால். 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, அங்கே அதிகாரியாக இருந்த வில்லியம் ஆர்ச்சர், பிளந்து நின்ற உள்ளறைச் சுவர்களில் இந்த ஓவியங்களைப் பார்த்தார். 1949இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு 1966-67இல் கடும் வறட்சி வந்தது. கைவினை வளர்ச்சிக்குப் பாடுபட்ட புபுல் ஜெயகரின் முயற்சியால் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம், பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரை அனுப்பிப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. வரைந்ததை விற்றுப் பசியைப் போக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் சுவரில் யாரும் கையெழுத்திட்டதில்லை. காகிதத்தில் பெயர் வேண்டியிருந்தது. ஜிதவார்பூரின் ஜகதம்பா தேவிக்கு 1975இலும் சீதா தேவிக்கு 1981இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெயர் வந்த பின் வாழ்வும் ஓவியத்துக்குள் வந்தது. கணவர் மறுமணம் செய்துகொண்டதால் தனித்துவிடப்பட்ட கங்கா தேவி, கச்னிக் கோட்டின் பேராற்றல் கொண்டவர். பிறப்பு முதல் முதுமை வரை ஒரு மிதிலைப் பெண்ணின் வாழ்வை அவர் தொடராக வரைந்தார். அமெரிக்கா சென்று வந்ததும், அங்கே கண்ட பொழுதுபோக்குப் பூங்காவின் உருளும் இரயிலை அதே இரட்டைக் கோட்டில் வரைந்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில் மருத்துவமனையையும் தம் நோயையும் வரைந்தார். மணவறைக்கென உருவான கோடு மருத்துவமனைக் கட்டிலையும் தாங்கியது என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. 1991இல் அவர் மறைந்தார். தில்லியின் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் தீட்டியிருந்த கோஹ்பர் அறை, பின்னாளில் அங்கு நடந்த புதுப்பிப்புப் பணியில் அழிந்துபோனது.

ராண்டி கிராமத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் துலாரி தேவி. மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி ஆகிய ஓவியர்களின் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கி வேலை செய்தவர். அங்கேயே பார்த்துப் பழகி, அவர்களிடமே முறையாகக் கற்றார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய ஓவியங்களிலும் மீன்கள் இருக்கின்றன. மணவறைச் சுவரில் மகப்பேற்றின் அடையாளமாக நீந்திய அந்த மீன்களை, அவருடைய தாளில் குளத்தில் வலை வீசி மீனவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.