இலவச விடுமுறை வவுச்சர்: வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

[காட்சி: கையெழுத்தாகக் காத்திருக்கும் விற்பனை ஒப்பந்தம்; அதன் மேல் ஒரு வண்ண வவுச்சர்.]

வணக்கம். "இன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இருவருக்கு மூன்று இரவு ரிசார்ட் தங்கல் இலவசம்" என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது, எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர் அதைப் பெருந்தொகை மதிப்புள்ள பரிசாகவே எண்ணுகிறார். ஆனால் அந்த வவுச்சரை வாங்க நிறுவனம் செலவிட்டது பெரும்பாலும் அந்த மதிப்பில் மிகச் சிறிய பங்குதான். மீதித் தொகையை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்தத் தொழில்முனைவோரும் இந்தச் சலுகையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

[காட்சி: இரவு நேர விடுதிக் கட்டடம், பாதி ஜன்னல்களில் விளக்கு இல்லை.]

விடுதி அறை என்பது சேமித்து வைக்க முடியாத சரக்கு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறைக்கான வருமானம் இன்றோடு போய்விடுகிறது. நாளை அதை ஈடுசெய்ய வழியில்லை. அதே அறையில் ஒரு விருந்தினரைத் தங்க வைப்பதால் விடுதிக்குக் கூடுதலாக ஆகும் செலவு, துப்புரவு, துணி வெளுப்பு, மின்சாரம், தண்ணீர் போன்ற சிலவற்றோடு முடிந்துவிடும். வந்தவர் உணவகத்திலும் பிற வசதிகளிலும் பணம் செலவழிப்பார் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. எனவே கூட்டம் குறைந்த மாதங்களிலும் வார நாட்களிலும் மிஞ்சும் அறைகளை மிகக் குறைந்த விலைக்கோ விலையே இல்லாமலோ வவுச்சர் நிறுவனங்களுக்குக் கொடுக்க விடுதிகள் முன்வருகின்றன. இந்த அளவில் இது நேர்மையான ஏற்பாடு, யாருக்கும் இழப்பில்லை.

வவுச்சரின் விலையைக் குறைக்கும் மற்ற வழிகளைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். அறை வாடகை இல்லை என்றாலும் வரி, சேவைக் கட்டணம், ரிசார்ட் கட்டணம், முன்பதிவுக் கட்டணம் ஆகியவற்றை விருந்தினரே செலுத்த வேண்டும் என்று விதிமுறைகளில் எழுதியிருக்கும். விமானப் பயணச் செலவு பெரும்பாலும் அவருடையதுதான். சில வவுச்சர்கள் டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்கள் தங்கும் உரிமை, விற்கும் கூட்டங்களுக்கான அழைப்பாகவே அமைந்திருக்கும். தங்கும் நாட்களில் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அந்தக் கூட்டத்தில் அமர்ந்தால்தான் இலவசம் செல்லும். அதற்கு வயது, திருமண நிலை, வருமானம் ஆகியவற்றில் தகுதி வரம்பும் வைத்திருப்பார்கள். உங்களை நம்பிப் பொருள் வாங்கியவர் தன் விடுமுறையின் ஒரு காலைப் பொழுதை வேறொரு நிறுவனத்தின் விற்பனைப் பேச்சுக்குக் கொடுக்கிறார் என்றால், அந்த ஏற்பாட்டில் உங்கள் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

[திரையில்: "வழங்கியவை", "பதிவு செய்தவை", "பயணம் செய்தவை" என்ற மூன்று எண்கள், ஒன்றைவிட ஒன்று சிறியதாக.]

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வழங்கப்படும் வவுச்சர்களில் பெரும்பகுதி பயன்படுத்தப்படாமலே காலாவதியாகும் என்ற கணக்கு. இத்துறையினர் இதை பிரேக்கேஜ் என்கிறார்கள். முப்பது நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், திரும்பக் கிடைக்கும் என்று சொல்லப்படும் டெபாசிட்டைக் கட்ட வேண்டும், மூன்று வெவ்வேறு தேதிகளைக் கொடுக்க வேண்டும், அவை பண்டிகை நாட்களிலோ பள்ளி விடுமுறையிலோ வரக் கூடாது, இரண்டு மாதங்களுக்கு முன்பே கோரிக்கை வைக்க வேண்டும் என்று படிகள் கூடக்கூட, முடிவு வரை வருபவர்கள் குறைகிறார்கள்.

நூறு வாடிக்கையாளர்களுக்கு வவுச்சர் கொடுத்து, பத்துப் பேர் மட்டுமே பயணம் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வவுச்சர் நிறுவனத்துக்கு மீதித் தொண்ணூறு பேர் லாபம். உங்களுக்கோ அவர்கள் மீண்டும் வாங்க வேண்டியவர்கள், நண்பர்களிடம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டியவர்கள். அவர்களில் மறந்து விட்டுவிட்டவர்களைப் பற்றிக் கவலையில்லை. முயன்று, தேதி கிடைக்காமல், மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் கைவிட்டவர்கள் அந்தக் கசப்பை உங்கள் பெயரோடுதான் நினைவில் வைத்திருப்பார்கள். ஒருவருடைய லாபம் எதில் இருக்கிறதோ அதுவே மற்றவருடைய நட்டமாக இருக்கும் இந்த முரண்தான் இச்சலுகையின் அடிப்படைச் சிக்கல். ஆகவே வவுச்சர் நிறுவனத்திடம் பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன், வழங்கப்பட்டவற்றில் எத்தனை உண்மையான தங்கலாக முடிந்தன என்று எழுத்தில் கேளுங்கள். விடை சொல்ல மறுக்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.

[காட்சி: பழைய மாதிரி தூசு உறிஞ்சும் இயந்திரம், பின்னணியில் விமானம் மேலெழுகிறது.]

பயன்படுத்துபவர்கள் குறைவாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் சலுகையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, தூசு உறிஞ்சும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஹூவர் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவு 1992இல் நடத்திய திட்டம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. 100 பவுண்டுக்கு மேல் அதன் பொருள் வாங்குபவருக்கு இரண்டு விமானப் பயணச்சீட்டுகள், போய்வருவதற்கு, இலவசம் என்று அது அறிவித்தது. முதலில் ஐரோப்பிய நகரங்களுக்கு, பிறகு அமெரிக்காவுக்கு. மக்கள் விலை உயர்ந்த பொருட்களை வாங்குவார்கள், படிவங்களின் சிக்கலால் பலர் விலகிவிடுவார்கள், பயணம் செய்பவர்களிடம் விடுதியும் காப்பீடும் விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்பது திட்டம். நடந்ததோ வேறு. அமெரிக்கப் பயணச்சீட்டுகளின் மதிப்பு 100 பவுண்டைவிடப் பல மடங்கு என்பதால், வரம்பைச் சற்றே தாண்டும் இயந்திரத்தை, தேவையில்லாதவர்கள்கூடப் பயணச்சீட்டுக்காகவே வாங்கினார்கள். விண்ணப்பங்களை நிறுவனத்தால் சமாளிக்க முடியவில்லை. பயணம் கிடைக்காதவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். உயர் அதிகாரிகள் பதவி இழந்தார்கள். ஏறத்தாழ ஐந்து கோடி பவுண்டு செலவான பிறகு, தாய் நிறுவனமான மேடேக், ஹூவரின் ஐரோப்பியத் தொழிலை 1995இல் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

"இலவசம்" என்ற சொல்லுக்கு இத்தனை வலிமை ஏன் என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஷாம்பனியர், மஸார், ஏரியலி ஆகிய மூவரும் உயர்தரச் சாக்லேட்டை 15 சென்டுக்கும் சாதாரணச் சாக்லேட்டை 1 சென்டுக்கும் வைத்தபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயர்தரமானதையே எடுத்தார்கள். இரண்டின் விலையிலும் ஒரே ஒரு சென்டைக் குறைத்து, சாதாரணச் சாக்லேட்டை இலவசமாக்கியதும் பெரும்பான்மை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. விலை வித்தியாசம் மாறவில்லை. பூஜ்ஜியம் மட்டும் புதிதாக வந்தது. வவுச்சரை நீட்டும் நொடியில் வாடிக்கையாளரின் முகம் மலர்வதற்குக் காரணம் இந்தப் பூஜ்ஜியம்தான். பின்னர் அவரிடம் ஒரு சிறு கட்டணம் கேட்கப்பட்டால்கூட, அது தொகையின் அளவைப் பொறுத்த இழப்பாகத் தெரியாது. கொடுத்த சொல் முறிந்ததாகவே தெரியும்.

சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. வாங்குபவர் உண்மையில் பணம் செலுத்த வேண்டியிருக்கும் ஒன்றை இலவசம் என்று விவரிப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை தடை செய்கிறது; சலுகைக்குப் பதிலளிப்பதற்கும் பொருளைப் பெற்றுக்கொள்வதற்கும் தவிர்க்க முடியாமல் ஆகும் செலவு மட்டுமே விதிவிலக்கு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும், இலவசச் சலுகையின் நிபந்தனைகள் அனைத்தும் தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1971 முதல் வழிகாட்டி வருகிறது. ஆகவே வரியும் கட்டணமும் இருக்கும் வவுச்சருக்கு "அறை வாடகை இல்லை, வரியும் சேவைக் கட்டணமும் உங்களுடையவை, ஓர் இரவுக்கு இவ்வளவு" என்ற வரியை, பரிசின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். இப்படி எழுதினால் ஈர்ப்பு சற்றுக் குறையும் என்பது உண்மைதான். அந்த ஈர்ப்பை இழக்கத் தயங்க வேண்டாம்.

[காட்சி: ஒருவர் கணினியின் முன் அமர்ந்து முன்பதிவுப் படிவத்தை நிரப்புகிறார்.]

வவுச்சர்களை மொத்தமாக வாங்குவதற்கு முன், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சாதாரண வாடிக்கையாளரைப் போல ஒன்றைப் பதிவு செய்து, தேதி கேட்டு, கட்டணங்களைச் செலுத்தி, உண்மையாகவே தங்கிவிட்டு வரட்டும். எந்த விதிமுறைத் தாளும் சொல்லாத செய்திகளை அந்த ஒரு பயணம் சொல்லிவிடும். விடுதிகளின் பெயர்கள் வெளிப்படையாக உள்ளனவா, "அல்லது அதற்கு இணையான விடுதி" என்ற தொடர் எங்கெங்கு ஒளிந்திருக்கிறது, வவுச்சரை இன்னொருவருக்கு மாற்றித் தரலாமா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்புகிறது என்பவற்றை அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பதிலும் யோசனை தேவை. விளக்கக் கூட்டத்துக்கு வருபவருக்கெல்லாம் கொடுத்தால், பொருளில் ஆர்வமில்லாதவர்கள் நிறைய வருவார்கள். கையெழுத்திடும் மேசையில் கொடுத்தால், அவசரத்தில் முடிவெடுத்தவர்கள் பின்னர் ஒப்பந்தத்தை ரத்து செய்யும்போது வவுச்சர் அவர்கள் கையிலேயே இருக்கும். ரத்து செய்யும் காலம் முடிந்து, பொருளும் சேர்ந்த பிறகு நன்றியாக அனுப்புவது, அல்லது புதிய வாடிக்கையாளரை அறிமுகப்படுத்தியவருக்குக் கொடுப்பது, இரண்டும் எனக்கு மிகச் சரியான இடங்களாகப் படுகின்றன. அவற்றில் பரிசு முடிவை விலைக்கு வாங்குவதில்லை.

வாங்குபவர் தனிநபராக இல்லாமல் ஒரு நிறுவனமாக இருந்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. கொள்முதலைத் தீர்மானிக்கும் ஊழியருக்குத் தனிப்பட்ட முறையில் விடுமுறைப் பரிசு கொடுப்பது பல நாடுகளில் லஞ்சமாகக் கருதப்படலாம். அரசு அலுவலராக இருந்தால் அந்த எண்ணமே கூடாது. காப்பீடு, மருந்து போன்ற துறைகளில் இத்தகைய ஊக்கப் பரிசுகளுக்குப் பல இடங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பெறுபவருக்கு வருமான வரி வருமா என்பதையும் கணக்காளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

[திரையில்: வவுச்சரின் பின்பக்கம், தொலைபேசி எண்ணுக்கான கட்டம்.]

கடைசியாக, முன்பதிவில் சிக்கல் வந்தால் வாடிக்கையாளர் அழைக்க வேண்டிய எண்ணாக உங்கள் அலுவலக எண்ணையே வவுச்சரின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். அந்த அழைப்புகளுக்குப் பொறுப்பான ஒரு பணியாளரை நியமித்து, வவுச்சர் நிறுவனம் உரிய காலத்தில் தேதி தரத் தவறினால் சந்தையில் அதே தரமுள்ள அறையை உங்கள் செலவிலேயே பதிவு செய்துகொடுக்கும் அதிகாரத்தையும் அதற்கான தொகையையும் முன்கூட்டியே அவரிடம் ஒப்படையுங்கள். அந்தத் தொகையை ஒதுக்க முடியாத ஆண்டில் வவுச்சர் திட்டத்தை ஒத்திவைத்து, அதே பணத்தை விலைத் தள்ளுபடியாகவோ கூடுதல் சேவைக் காலமாகவோ வாடிக்கையாளருக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.