24-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு

அவையோருக்கு வணக்கம்.

லியாங் ஜிங் சீனாவின் அன்ஹுய் மாகாணத்துக்காரர். மலைப்பாதை நெடுந்தொலைவு ஓட்டத்தில் அந்நாட்டின் முன்னணி வீரர். 2018-இல் கோபி பாலைவனத்தில் நடந்த 400 கிலோமீட்டர் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். இடைவிடாமல் நாள்கணக்கில் நீளும் பந்தயம் அது. வழியைத் தானே பார்த்து, எப்போது சாப்பிடுவது, எப்போது கண்ணயர்வது என்பதையும் ஓடுபவரே முடிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர் 2021 மே 22 அன்று கான்சு மாகாணத்தின் பாய்யின் பகுதியில், கல்தூண்கள் காடுபோல் நிற்கும் மஞ்சள் ஆற்றுக் கல்காட்டில் நடந்த 100 கிலோமீட்டர் பந்தயத்தில் குளிரில் விறைத்து இறந்தார். வயது 31. ஓடப் போனவர்கள் 172 பேர். திரும்பாதவர்கள் 21 பேர். காதுகேளாதோர் மாரத்தானில் தேசிய அளவில் வென்ற ஹுவாங் குவான்ஜுனும் அவர்களில் ஒருவர்.

பலவீனமானவர்கள்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு. முன்னால் ஓடிய ஆறு பேரில் ஜாங் சியாவ்தாவ் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

காரணம் பாதையில் இருக்கிறது. ஓடுபவர்கள் வரவைப் பதிந்துவிட்டுப் போகும் சோதனைச் சாவடிகளில் இரண்டாவது 24-ஆவது கிலோமீட்டரில், மூன்றாவது 32-இல். நடுவே உள்ள 8 கிலோமீட்டரில் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். வண்டி ஏறாது, அதனால் மேலே உணவோ தண்ணீரோ கொண்டுபோய் வைக்கவில்லை. காலை 9 மணிக்குக் கிளம்பியவர்களில் வேகமானவர்கள் நண்பகலில் அந்த ஏற்றத்தில் இருந்தார்கள். மழையும் ஆலங்கட்டியும் பெருங்காற்றும் அப்போதுதான் வந்தன. பின்தங்கியவர்கள் கீழே இருந்ததால் திரும்பிவிட முடிந்தது.

அடுத்தது உடல். ஓடும்போது தசை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை நம்பித்தான் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக ஓடுகிறார்கள். செங்குத்தில் எதிர்காற்று அடித்து வேகம் குறைந்தால் வெப்பமும் குறையும். நனைந்த துணி மிச்சத்தையும் உறிஞ்சும். கொழுப்பே இல்லாத உடம்புக்குக் கையிருப்பு கிடையாது. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனதும் விரல் மரத்து ஜிப்பை இழுக்க முடியாது. 32-ஐ நெருங்கும்போது நடுக்கமே நின்றுபோய்ப் புத்தி தடுமாறும்.

காற்றுத் தடுப்பு ஜெர்கின் அன்று கட்டாயப் பட்டியலில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது. பலர் அதைப் பிந்தைய சாவடியில் எடுத்துக்கொள்ளும் பையில் போட்டு முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்தது உடல்வெப்பம் வெளியேறாமல் காக்கும் மெல்லிய வெள்ளித்தாள் போர்வை. அதை வெளியே போர்த்தினால் பெருங்காற்று கிழித்துவிடும், அன்று கிழித்தது. ஜெர்கினுக்குள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்தால்தான் பயன். முதல் நாள் இரவே காற்று எச்சரிக்கை வந்திருந்த நிலையில் அந்தப் பட்டியலை மாற்றாமல் விட்டதை மன்னிக்க முடியாது.

ஜாங் சியாவ்தாவ் பத்துமுறைக்கு மேல் விழுந்து, ஜிபிஎஸ் கருவியின் அபாயப் பொத்தானை அழுத்திவிட்டு நினைவிழந்தார். ஆடு மேய்க்கும் ஜூ கெமிங் அவரைக் குகைக்குத் தூக்கிப்போய், ஈரத்துணியைக் களைந்து, மெத்தைப் போர்வையால் சுற்றி, தீ மூட்டினார். அவர் காப்பாற்றியவர்கள் மொத்தம் ஆறு பேர்.

மருத்துவம் சொல்லும் முறையும் இதுவே: ஈரத்தை அகற்று, தரையின் குளிர் ஏறாமல் அடியில் எதையாவது விரி, படுக்கவை. கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கொடுக்கவே கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். முரட்டுத்தனமாகப் புரட்டினால் குளிர்ந்த இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

ஜூன் தொடக்கத்தில் சீன விளையாட்டு நிர்வாகம் இத்தகைய பந்தயங்களை நிறுத்திவைத்தது. அமைப்பாளர்கள்மீதும் அதிகாரிகள்மீதும் நடவடிக்கை பாய்ந்தது. பந்தயங்கள் மறுபடி தொடங்கிவிட்ட இந்த நாளில், பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வண்டி போகாத துண்டு எது? அங்கே யார் நிற்பார்கள்? காற்று கூடினால் பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?